பேர் போட்ட கல்லும் எண்ணிக்கை போட்ட கல்லும்: செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பயணம்

வெள்ளி ராத்திரி, காரைக்குடி

பல்லவன் ரயில்ல வந்து எறங்கியாச்சு. செட்டிநாட்டுக்கு வர்றவங்க பெரும்பாலும் வீடு பாக்கத்தான் வர்றாங்க, ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி கல்லு செய்யிற எடம், மத்தியானம் இலை போட்டு சாப்பாடு, சாயங்காலம் கண்டாங்கி சேலை, முடிஞ்சா பிள்ளையார்பட்டி. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும், நானும் பாத்திருக்கேன். இந்தத் தடவை வந்தது தேவகோட்டைக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவுல இருக்கிற ஒரு சின்ன கிராமத்துக்காக. எங்க சித்தி பொறந்த ஊரு. அங்க ஊரணிக்கரையில ஊர்க்காரங்களே வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி ஒரு போர் வீரர் நினைவுத்தூண் கட்டியிருக்காங்க, அதுல மூணு பேர் வெட்டியிருக்கு. எந்த டூரிஸ்ட் புக்லயும் அது கிடையாது. ஊர் பேரை நான் இங்க எழுதப்போறதில்ல, காரணம் பின்னாடி சொல்றேன்.

சித்தப்பா ஸ்டேஷனுக்கே வந்துட்டாரு. அவரு மெட்ராஸ் சாப்பர்ஸ்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பெங்களூர் அல்சூர்ல ட்ரெய்னிங், அப்புறம் நாடு பூரா பாலம் போடுறதும் கண்ணிவெடி எடுக்குறதும்தான் வேலை. ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னமும் சட்டையில ஒரு சுருக்கம் கெடையாது. "காலையில ஆறு மணிக்கு கெளம்புறோம்"னு சொல்லிட்டாரு, அவரு ஆறுன்னா அஞ்சே முக்காலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆயிரும். தூங்கப் போறேன்.

சனி, கானாடுகாத்தான், திருப்பத்தூர்

மொதல்ல கானாடுகாத்தான் ரோடு, ஆனா வீடு பாக்க இல்ல. செட்டிநாடு கால்நடைப் பண்ணை இருக்குல்ல, அந்த நெலத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்துல வெள்ளைக்காரங்க போட்ட விமான ஓடுதளம் கெடக்கு. நாங்க உள்ள போகல, வெளியில ரோட்டோரமா வண்டிய நிறுத்தி நின்னுக்கிட்டு பேசிக்கிட்டிருந்தோம், சுத்தி பொட்டலும் சீமைக்கருவேலமும்தான்.

1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரங்க கைக்குப் போச்சு. பர்மாவுல தலைமுறையா கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை, வியாபாரம்னு போயிருந்த நகரத்தார் குடும்பங்க, அவங்ககிட்ட வேலைக்குப் போயிருந்த நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாரும் கப்பல்ல எடம் கெடச்சவங்க கப்பல்ல, கெடைக்காதவங்க காட்டு வழியா நடந்தே வந்தாங்க, வழியில செத்தவங்களுக்குக் கணக்கே கெடையாது. அது பல பேருக்குத் தெரிஞ்ச கதை. தெரியாதது என்னன்னா அதே காலத்துல அதே பக்கத்துக் கிராமத்துப் பயலுக வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்து பர்மாவுக்கு சண்டைக்குப் போனாங்க, மலேயா தோட்டத்துல இருந்த இன்னொரு கூட்டம் நேதாஜி படையில சேந்து அந்தப் பக்கமிருந்து வந்துச்சு. 1944ல இம்பால், கோஹிமான்னு ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க நின்னிருக்காங்க. ரங்கூனுக்கு வெளிய தவுக்யான்ல இருக்கிற நினைவகத்துல 27,000 பேர் கிட்ட வெட்டியிருக்கு, எரிச்சதோ புதைச்சதோ எங்கன்னே தெரியாதவங்க அத்தனை பேரும். அந்தச் சண்டை நடந்த சமயத்துல இந்தப் பொட்டல்லயும் விமானம் எறங்க எடம் தயாரா இருந்துச்சுன்னு நெனச்சுப் பாக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கு.

அங்கேர்ந்து திருப்பத்தூர். சிவகங்கைச் சீமைல செத்த வீரர்களைப் பத்தி எழுதிட்டு மருது பாண்டியரைத் தாண்டிப் போக முடியாது. 1801 அக்டோபர் 24ஆம் தேதி பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கும்பினிக்காரங்க, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க, தூக்குல போட்ட ஊரு இது. அவங்க ரெண்டு பேரை மட்டும்னா பரவாயில்ல, மகன்மாரு, பேரப்பிள்ளைங்க, கூட நின்ன ஆளுங்கன்னு பெருங்கூட்டத்தையே தூக்குல போட்டாங்க. சின்ன மருது மகன் துரைசாமி சிறு வயசுப் பையன், அவனையும் இன்னும் எழுவதுக்கும் மேல ஆளுங்களையும் மறு வருஷம் கப்பல் ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்திட்டாங்க. நினைவுத்தூண் முன்னாடி இந்த மாசக் கடைசி அரசு விழாவுக்காக சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. சித்தப்பா அட்டென்ஷன்ல நின்னு ஒரு சல்யூட் வச்சாரு, அங்க பெருக்கிக்கிட்டிருந்த அம்மா வேலையை நிறுத்திட்டுப் பாத்தாங்க.

நான் கேட்டது ஒண்ணுதான். தலைவர் பேரு எல்லாருக்கும் தெரியும். கூட செத்தவங்க பேரு? பினாங்கு போன பட்டியல்ல இருந்த பேருங்களாவது கும்பினி கணக்குல எழுதி வச்சதால மிச்சம் இருக்கு. காளையார்கோவில் காட்டுல மாசக்கணக்குல வெள்ளைக்காரனை உள்ள விடாம நின்னு செத்தவங்க பேரு எந்தக் கணக்குலயும் இல்லையே. சித்தப்பா உடனே பதில் சொல்லல, "நாளைக்கு ஊருக்குப் போவோம், அங்க ஒண்ணு காட்டுறேன்"னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு.

மதியம் திருப்பத்தூர்ல ஒரு மெஸ்ல சாப்பிட்டோம். சாப்பாடு சுமார்.

ஞாயிறு, ஊர்ல

ஊருக்குள்ள நுழையுற எடத்துலயே ஊரணி, செம்புறாங்கல் படிக்கட்டு, கரையில ஒரு ஆலமரம், அதைத் தாண்டி தூண். பத்தடி இருக்கும். கீழ சதுர மேடை, மேடைக்கு ஆத்தங்குடி கல்லு பதிச்சிருக்காங்க, தூண் முன்னாடி சிமெண்ட்ல தலைகீழா நட்ட துப்பாக்கி, அது மேல ஹெல்மெட். கருங்கல் பலகைல மூணு பேரு. ஒவ்வொரு பேருக்கும் நம்பர், ரேங்க், ரெஜிமெண்ட், விழுந்த எடம், வருஷம். எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, யார் பேருக்குப் பின்னாடியும் சாதி இல்ல, அதுக்கு ஊர்க்கூட்டத்துல ரெண்டு நாள் வாக்குவாதம் நடந்துச்சாம், கடைசில முன்னாள் ராணுவத்துக்காரங்க "பட்டாளத்துல நாங்க ஒரே தட்டுல சாப்பிட்டோம், கல்லுல மட்டும் பிரிக்காதீங்க"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்களாம். ரெண்டாவது, பேருங்க ரேங்க் வரிசைல இல்ல, யார் முன்னாடி செத்தாங்களோ அந்த வரிசை. கல்லு வாங்குன செலவுல பாதி ஊர்ல பூட்டிக் கெடக்கிற ஒரு செட்டியார் வீட்டுக்காரங்க குடுத்தது, மிச்சம் கூலிக்குப் போறவங்கள்ல இருந்து சிங்கப்பூர்ல இருக்கிற பசங்க வரைக்கும் போட்டது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ரெண்டுக்கும் கொடி ஏத்துறது இங்கதான், டிசம்பர் 7 கொடி நாள் அன்னைக்கு ஸ்கூல் பிள்ளைங்க வந்து பேரை வாசிக்கும்.

மொத பேரு 1965 பாகிஸ்தான் சண்டை, சியால்கோட் பக்கம். அவரு சம்சாரம் இன்னும் இருக்காங்க. எம்பது வயசு தாண்டின அப்பத்தா, வெத்தலை இடிச்சுக்கிட்டு திண்ணைல உக்காந்திருந்தாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்துல போனவரு. நான் ஒண்ணும் கேக்கல, சித்தி "அப்பத்தா, இவ தூணைப் பாக்கத்தான் மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கா"ன்னு சொன்னதும் அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க.

"தந்திக்காரன் வந்தான்னாலே அன்னைக்கெல்லாம் தெருவே கூடிப்போகும் ஆத்தா. வாத்தியாருதான் படிச்சாக. படிச்சுட்டு என்னத்தச் சொல்றதுன்னு தெரியாம மடிச்சுக் கையில வச்சுக்கிட்டே நின்னாக. எங்க மாமனாரு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாக, அவுகளுக்கு எழுத்தே தெரியாது. ஒடம்பும் வரல, சாம்பலும் வரல. மாசங்கழிச்சு ஒரு பெட்டி வந்துச்சு, கறுப்புப் பெட்டி, வெள்ளைல அவுக பேரும் நம்பரும். உள்ள உடுப்பு ரெண்டு, கம்பளி, சவரச் சாமான், நான் சொல்லச் சொல்ல வாத்தியாரு எழுதிப்போட்ட கடுதாசியெல்லாம் ஒரு நூல்ல கட்டி வச்சிருந்தாக. ஒடம்பு இல்லாம கருமாதி எப்படிச் செய்யிறதுன்னு பெரியவுக கூடிப் பேசி, அந்த உடுப்பைப் பரப்பி வச்சுச் செஞ்சாக."

அப்பல்லாம் அப்படித்தான். 65லயும் 71லயும் எல்லைல விழுந்தவங்களை பெரும்பாலும் அங்கயே எரிச்சுடுவாங்க, வீட்டுக்கு வர்றது தந்தியும் பெட்டியும்தான். 1999 கார்கில் சண்டையிலதான் உடம்பை அவங்கவங்க ஊருக்கே அனுப்புறது வழக்கமா ஆச்சு. திருச்சி மேஜர் சரவணன் மே 29 பட்டாலிக்ல விழுந்தாரு, அந்த உச்சியிலேர்ந்து உடம்பை எடுக்கவே ஜூலை ஆயிருச்சு, ஆனாலும் எடுத்துட்டு வந்தாங்க. இங்கேர்ந்து பக்கம்தான் திருவாடானைத் தாலுகா கடுக்கலூர், 2020 ஜூன் 15 லடாக் கல்வான்ல விழுந்த இருபது பேர்ல ஒருத்தரான ஹவில்தார் பழனி ஊரு, அவருக்கு வீர் சக்ரா குடுத்தாங்க, அவரை சொந்த மண்ணுலயே முழு மரியாதையோட அடக்கம் பண்ண முடிஞ்சுது. 65ல போனவர் பெஞ்சாதிக்கு அந்த மண்ணு கூட கெடைக்கல. டெல்லில 2019 பிப்ரவரி 25ஆம் தேதி தொறந்த தேசிய போர் நினைவகத்துல 25,000 பேருக்கு மேல கிரானைட்ல வெட்டியிருக்கு, சுதந்திரத்துக்கு அப்புறம் நாட்டுக்காக செத்தவங்க எல்லாரும். அதை நான் மதிக்கிறேன். ஆனா அப்பத்தா டெல்லிக்குப் போய் அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடிச்சுத் தொட முடியுமா? அவங்க சொன்னது இதுதான்: "இந்தக் கல்லு நட்டப்பறந்தான் ஆத்தா அவுகளுக்குன்னு ஒரு எடம் வந்துச்சு. கார்த்திகைக்கு வெளக்கு வைக்கிறேன், ஆடி அமாவாசைக்கு சோறு வைக்கிறேன். அதுக்கு முந்தி எங்க போயி வைப்பேன்?"

ரெண்டாவது பேரு 1987, இலங்கை. இதைப் பத்தி ஊர்ல சத்தமாப் பேச மாட்டாங்க. அமைதிப்படைன்னு போயி யாழ்ப்பாணத்துல செத்தவரு. நம்ம பாஷை பேசுற ஊருக்கு, நம்ம ஊர்ச் செட்டியார்மாரு கடை வச்சிருந்த ஊருக்கு, துப்பாக்கியோட அனுப்புனாங்க, அவரா கேட்டுப் போகல. அந்தப் படையில ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. 1990 மார்ச்ல படை திரும்பி மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்கினப்ப அன்னைக்கு முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகல, அவருக்கு அவரு காரணம், யாழ்ப்பாணத்துல சாதாரண சனம் பட்டது கொஞ்சமில்ல, அதையும் மறைக்க முடியாது. ஆனா தம்பியைப் பறிகுடுத்த அண்ணன் என்ன பண்ணுவாரு? இப்ப எழுபது வயசு இருக்கும் அவருக்கு. தூண் கட்டும்போது ரெண்டு மூணு இளவட்டங்க "இந்தப் பேரை வெட்டக்கூடாது"ன்னு நின்னிருக்காங்க. அவரு சண்டை போடலையாம். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும், அவன் எங்க ஆத்தா பெத்த புள்ள, இந்த ஊரணித் தண்ணி குடிச்சு வளந்தவன், அவனை நீங்க எங்க வைக்கப்போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னாராம். பேரு வெட்டிட்டாங்க. அன்னைக்கு எதுத்து நின்ன பசங்கள்ல ஒருத்தன்தான் இப்ப வருஷா வருஷம் எழுத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறான். எனக்கு இதுல எந்தக் குழப்பமும் இல்ல, அனுப்புனது சரியா தப்பான்னு நூறு வருஷம் பேசலாம், செத்த சிப்பாய் பேரை அவன் ஊர்ல வெட்டுறதுக்கு அந்தத் தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மூணாவது பேரு இந்தப் பத்து வருஷத்துக்குள்ள, காஷ்மீர். அவங்க அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு "எம்புள்ளையப் பத்தி எதுவும் எழுத வேணாம் தாயி"ன்னாங்க. எழுதல. ஊர் பேரை நான் விட்டதும் அதுக்காகத்தான்.

சாயங்காலம் சித்தப்பா சொன்ன அந்த "ஒண்ணு". ஊர்ச் சாவடி இடிஞ்சு போய் ஒத்தச் சுவரு நிக்குது, அந்தச் சுவத்துல ஒரு சின்ன பளிங்குக்கல்லு. சுண்ணாம்பு மேல சுண்ணாம்பு அடிச்சு எழுத்தே தெரியல. சித்தப்பா ஈரத்துணி வச்சு மெதுவாத் தொடச்சாரு, ஒண்ணும் சுரண்டல, அரை மணி நேரம் ஆச்சு, ஊர்ப் பிள்ளைங்க பூரா கூடிருச்சு. இங்கிலீஷ் எழுத்து. இந்தக் கிராமத்துலேர்ந்து 1914-1919 மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரைக் குடுத்தாங்க. போனவங்க ரெண்டு இலக்கம், திரும்பாதவங்க ஒத்த இலக்கம். அவ்வளவுதான். பேரே இல்ல.

இந்த மாதிரி கல்லு நம்ம நாட்டுல ஏகப்பட்ட ஊர்ல இருக்கு, யுத்தம் முடிஞ்சப்பறம் வெள்ளைக்கார சர்க்கார் ஒரே வாசகத்தை எழுதி எண்ணிக்கையை மட்டும் மாத்தி மாத்திப் பதிச்சுட்டுப் போனது. சண்டை நின்னது 1918 நவம்பர்ல, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919ல, அதனால கல்லுல 1919. அந்த யுத்தத்துக்கு இந்தியாவுலேர்ந்து 13 லட்சம் பேர் போனாங்க, 74,000 பேர் திரும்பல. நம்ம மெட்ராஸ் மாகாணத்து ஆளுங்க கெழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனாங்க, 1914 நவம்பர்ல டாங்கா கடற்கரைல 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி எறங்குச்சு. சாப்பர்ஸ் மெசபடோமியாவுக்குப் போனாங்க, இன்னைக்கு ஈராக். கோவேறு கழுதை மேய்க்க, மூட்டை தூக்க, ரயில் ரோடு போடன்னும் போனாங்க, அவங்கள்ல வெயில்லயும் காய்ச்சல்லயும் வயித்துப்போக்குலயும் செத்தவங்க எத்தனையோ பேரு.

ஒரு பொண்ணு, ஏழாவது படிக்கிறவ, கல்லை வாசிச்சுட்டு கேட்டா: "அக்கா, எத்தனை பேருன்னு தெரிஞ்சவங்களுக்கு யாரு யாருன்னு தெரியாதா?"

திங்கள், ஊர்லயே

அந்தப் பொண்ணு கேட்டதுக்கு பதில், தெரியும். எழுத வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. பஸ்ராவுல ஒரு பெரிய நினைவகம் இருக்கு, மெசபடோமியாவுல செத்து கல்லறை தெரியாத 40,000 பேருக்கு மேல அதுல சேத்திருக்காங்க. வெள்ளைக்கார சிப்பாய்க்கு தனித்தனியா பேர் வெட்டுனாங்க, இந்திய அதிகாரிக்கும் வெட்டுனாங்க. சாதாரண இந்திய சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் பேருக்குக் கீழ எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரல்ல ஒரு அறிக்கை வெளியிட்டு இது பாகுபாடுதான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுச்சு, நூறு வருஷம் கழிச்சு. அந்த பஸ்ரா நினைவகத்தையும் 1997ல சதாம் உசேன் உத்தரவுல பேத்து எடுத்து பாலைவனத்துப் பக்கம் கொண்டு போய் வச்சுட்டாங்க. ஆக சாவடிச் சுவத்துல இருக்கிறதும் அங்க இருக்கிறதும் ஒரே மனசுல பொறந்த கல்லுங்க.

இதுல நல்ல விஷயம் என்னன்னா, கல்லுல வெட்டாத பேரு பேப்பர்ல இருக்கு. ஆணையத்தோட இணையதளத்துல செத்தவங்க பேரைத் தேடலாம், காசு கெடையாது. பல பேருக்கு அப்பா பேரும் ஊர் பேரும் சேத்தே போட்டிருக்கும். ஆனா சிவகங்கைன்னு தேடுனா ஒண்ணும் வராது, சிவகங்கை மாவட்டம் பொறந்ததே 1985ல. அதுக்கு முன்னாடி இது ராமநாதபுரம் ஜில்லா, அதுவே 1910லதான் மதுரை, திருநெல்வேலியிலேர்ந்து பிரிச்சது, அதனால ராம்நாட்னும் பாக்கணும், பழைய வழக்கத்துல மதுராவுன்னும் பாக்கணும். திருமயம் பக்கத்து ஊர்னா அது புதுக்கோட்டை சமஸ்தானம், வேற கணக்கு. ஊர் பேரை இங்கிலீஷ் குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருப்பாரு, ஒரே ஊரை நாலு விதமா அடிச்சுப் பாக்கணும். காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் சித்தப்பாவும் நானும் திண்ணைல உக்காந்து இதேதான் பண்ணோம்.

கெடச்சுதான்னு கேட்டா, ஒத்துப்போற மாதிரி சில பேருங்க கெடச்சுது. ஆனா ஊர்ல ஒவ்வொரு தெருவுலயும் அந்தப் பேர்ல ஆள் இருக்கும், கருப்பனும் முத்துவும் இல்லாத ஊர் ஏது. அதனால சித்தப்பா கறாரா சொல்லிட்டாரு, அப்பா பேரு, ஊரு, குடும்பத்து வாய்மொழி மூணும் ஒத்துப்போனாத்தான் எழுதணும், ஒருத்தன் பேரை இன்னொருத்தன் கல்லுல வெட்டுறது செத்தவனை ரெண்டாவது தடவை கொல்றதுக்கு சமம்னு.

குடும்பத்து வாய்மொழிக்குத்தான் பெரியவங்களைத் தேடிப் போனோம். மேலத்தெருவுல ஒரு வீட்டை ஊரே "பஸ்ரா வீடு"ன்னு கூப்பிடுது. அந்த வீட்டுப் பசங்களே அவங்க பாட்டன் யாரோ சம்பாதிக்கப் போயிருப்பாருன்னு நெனச்சிருக்காங்க, இப்ப துபாய்க்குப் போற மாதிரி. அந்த வீட்டுப் பெரியவரு, எழுபத்தஞ்சு இருக்கும், அவங்க அப்பத்தா சொன்னதை நெனவுல வச்சிருந்தாரு: கோவேறு கழுதை ஓட்டுற வேலைன்னு ஆள் பிடிக்கிறவன் சொல்லி, பஞ்சத்துல சோத்துக்காகக் கெளம்பிப் போனவரு, கொஞ்ச நாள் மணியார்டர் வந்திருக்கு, அப்புறம் நின்னுருச்சு, மணியார்டர் நின்ன மாசத்தைத்தான் செத்த மாசமா வச்சு அந்த வீட்டுல இன்னைக்கும் படையல் போடுறாங்க. யாருக்குப் படைக்கிறோம்னு பேரு தெரியுதான்னு கேட்டேன். உடனே சொன்னாரு. அப்பா பேரும் சொன்னாரு. சித்தப்பா நோட்டுல எழுதிட்டு பேனாவை மூடவே இல்ல, ரொம்ப நேரம்.

இன்னொரு குடும்பத்துக்கு கண்மாய்க்கரைல பட்டவன் சாமி இருக்கு. சண்டைல வெட்டுப்பட்டு விழுந்தவங்களை சாமியா வச்சுக் கும்பிடுறது நம்ம பக்கத்துல, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் உண்டு. இந்தப் பட்டவன் எந்தக் காலத்து ஆளு, மருது காலமா அதுக்கும் முன்னாடியா, யாருக்கும் சொல்லத் தெரியல. ஆனா பேரு தெரியும், என்ன ஆயுதம் வச்சிருந்தாருன்னு தெரியும், என்ன படைக்கணும்னு தெரியும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பொங்கல் வைக்கிறாங்க. ரெண்டாயிரம் வருஷமா இந்த மண்ணோட வழக்கம் இதுதான், நடுகல்லுன்னா அதுல பேரும் பீடும் எழுதணும். பக்கத்துல புதுக்கோட்டை பொற்பனைக்கோட்டைல தமிழி, அதாவது ரொம்பப் பழைய தமிழ் எழுத்து வெட்டுன நடுகல்லே கெடச்சிருக்கு. அவ்வளவு பழைய வழக்கம் இருக்கிற ஊர்ல வந்து வெறும் எண்ணிக்கையை ஒட்டிட்டுப் போயிருக்காங்க, அது எனக்கு ஆத்திரமா வருது, மறைக்க விரும்பல.

செவ்வாய், காளையார்கோவில், கொல்லங்குடி, திரும்ப ஊர்

காலையில காளையார்கோவில். 1772 ஜூன்ல சிவகங்கை ராஜா முத்துவடுகநாதர் கும்பினிப் படையோட திடீர்த் தாக்குதல்ல விழுந்த எடம், மருது பாண்டியர் சமாதி இருக்கிற எடம், பெரிய கோபுரத்துக்கு நேரா. அக்டோபர் 27 குருபூஜைக்கு இப்பவே பேனர் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாக்கணும்னா இப்பதான் நேரம்.

அங்கேர்ந்து கொல்லங்குடி வெட்டுடையார் காளி. முத்துவடுகநாதரோட ராணி வேலுநாச்சியார் தப்பிப் போன வழியைக் காட்டச் சொல்லி மெரட்டுனப்ப வாயைத் தொறக்காம வெட்டுப்பட்டுச் செத்தவ உடையாள்னும், நாச்சியார் திரும்பி வந்து சீமையைப் பிடிச்சப்பறம் தன்னோட தாலியை அவளுக்குக் காணிக்கையாக்குனாங்கன்னும் இங்க சொல்ற கதை. நியாயம் கெடைக்காதவங்க இங்க வந்து காசு வெட்டிப் போடுவாங்க. சித்தி கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்னாங்க. உடையாளுக்கு ரெஜிமெண்ட் கெடையாது, நம்பர் கெடையாது, பேர் மட்டும் இருக்கு, அதைச் சொல்லாம இந்தப் பக்கத்துல ஒரு நாள் விடியல.

மத்தியானம் ஊருக்குத் திரும்புனா முன்னாள் ராணுவத்துக்காரங்க தூண் மேடைல கூடியிருந்தாங்க, சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்காரு. பஞ்சாயத்துலேர்ந்தும் ஒருத்தர் வந்தாரு. பேச்சு நல்லா சூடாவே போச்சு. சாவடிச் சுவரை இடிச்சு சமுதாயக்கூடம் கட்டப்போறாங்க, அப்ப அந்தப் பளிங்குக்கல்லை என்ன பண்றது? ஒருத்தர் "வெள்ளைக்காரன் கல்லு எதுக்கு, போகட்டும்"னாரு. பஸ்ரா வீட்டுப் பெரியவரு எந்திரிச்சு "அது வெள்ளைக்காரன் கல்லு இல்ல, அதுல ஒண்ணு எங்க அய்யாவைப் பெத்தவரு"ன்னு சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கிருச்சு. அப்ப பின்னாடி நின்ன ஒரு அக்கா கேட்டாங்க, "எங்க அய்யாவைப் பெத்தவரு மலேயாவுல நேதாஜி படைல இருந்து பர்மாவுல செத்தாரு, அவரு எந்தக் கல்லுல வருவாரு?" இதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. பட்டாளத்துல இருந்தவங்க சில பேரு மொதல்ல தயங்குனாங்க, எதிர்ப்பக்கம் நின்ன படைல்ல. அமைதிப்படையில தம்பியைக் குடுத்த அண்ணன்தான் முடிச்சு வச்சாரு: எந்தப் பக்கம் நின்னான்னு கேக்க ஆரம்பிச்சா இந்தத் தூண்ல ஒரு பேரும் மிஞ்சாது, ஊருக்குத் திரும்பி வராத ஊர்ப்பிள்ளை எல்லாருக்கும் எடம் இருக்கட்டும்.

முடிவு இதுதான். பளிங்குக்கல்லை ஒடையாம பேத்தெடுத்து தூண் மேடைக்குப் பின்பக்கம் பதிக்கணும், அது மேல யாரும் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்கக் கூடாது. அதுக்குக் கீழ ஒரு புதுக் கருங்கல் பலகை, அதுல 1914க்குப் போனவங்க பேரும் நேதாஜி படைக்காரர் பேரும், உறுதியானது மட்டும் தமிழ்ல. மிச்சத்துக்கு எடம் விட்டு வைக்கணும். ஜனவரி 26க்குள்ள வேலை முடியணும். எனக்குக் குடுத்திருக்கிற வேலை மூணு: ஆணையத்துக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுதி பஸ்ரா வீட்டுப் பாட்டனோட பதிவைக் கேக்கணும், எழும்பூர் ஆவணக் காப்பகத்துல ராம்நாட் ஜில்லா பழைய ஃபைல்ல ஆள் சேத்த பட்டியல் ஏதாவது இருக்கான்னு பாக்கணும், அந்த ஏழாவது படிக்கிற பொண்ணுக்கு வாரா வாரம் போன் பண்ணணும், தெருத் தெருவாப் போய் பெரியவங்ககிட்ட பேரு கேட்டு எழுதுறது அவ பொறுப்பு. ஏற்கனவே ஒரு நோட்டு வாங்கிட்டா. நாளைக்குக் காலையில பல்லவன், வியாழக்கிழமை நான் எழும்பூர்ல இருப்பேன்.